எல்எல்.எம். படிக்கக் கிளம்பும் முன்: நான் விழுந்த குழிகள்

போன வாரம் ஒரு ஜூனியர், அமெரிக்காவில் படிக்கும் தன் எல்எல்.எம். (சட்ட முதுகலை) பாடப்பட்டியலை அனுப்பி, "சரியா இருக்காண்ணா?" என்று கேட்டாள். கடல் சட்டம், அகதிகள் சட்டம், முதலீட்டுத் தகராறுகள், சர்வதேசக் குற்றவியல். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்படியே என் பழைய பட்டியல். படித்து முடித்ததும் நியூயார்க் பார் தேர்வு, அதாவது அங்கே வழக்கறிஞராகத் தொழில் செய்வதற்கான தேர்வு, எழுதப்போகிறாளாம்.

விண்ணப்பத்தின் கடைசித் தேதி, எழுத்துப்பிழை எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பார் விதியைப் படிக்காமல் பாடம் எடுப்பது

"அமெரிக்காவில் எல்எல்.எம். முடித்தால் நியூயார்க் பார் எழுதலாம்" என்று சீனியர்கள் சொன்னார்கள். நானும் நம்பினேன். வெளிநாட்டில் சட்டம் படித்தவர்களுக்கான நியூயார்க் விதி 520.6 சொல்வது வேறு. உங்கள் சட்டப் பட்டம் கால அளவில் குறைந்தாலோ, பொதுச்சட்ட மரபில் (இங்கிலாந்து வழிவந்த காமன் லா) அமையாவிட்டாலோ அந்தக் குறையை எல்எல்.எம். ஈடுகட்டும். இரண்டில் ஒன்றைத்தான், இரண்டும் குறைந்தால் வழியில்லை. இரண்டுமே சரியாக இருப்பவருக்கோ, தேர்வு எழுத எல்எல்.எம்.மே வேண்டாம்!

எல்எல்.எம். வழியாகப் போகிறவர்களுக்கு மொத்தம் 24 கிரெடிட். அதற்குள் தொழில்முறை நெறி 2, சட்ட ஆய்வும் எழுத்தும் 2, அமெரிக்கச் சட்ட அமைப்பு 2, பார் தேர்வில் வரும் பாடங்கள் 6. ஆன்லைன் வகுப்பு கணக்கில் சேராது.

இரண்டாம் செமஸ்டரில் நூலகத்தில் பக்கத்தில் இருந்தவன், "எவிடென்ஸ் எடுத்துட்டியா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டான். எவிடென்ஸ் என்பது சாட்சியச் சட்டம், பார் தேர்வில் வரும் பாடம். விதியைத் திறந்து துண்டுச்சீட்டில் கூட்டிப் பார்த்தேன். பார் பாடங்களில் என் கணக்கு பூஜ்யம். பாடம் மாற்றும் கெடு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அலுவலகத்தில் போய் நின்றால், "அதை நீங்கதான் பார்த்திருக்கணும்" என்றார்கள். சேரும்போது கொடுத்த பளபளப்பான கையேட்டில் பார் தகுதி பற்றி இரண்டு பக்கம் பெருமை! இன்னொரு செமஸ்டருக்குக் கையில் பணமில்லை. பட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். இன்றைக்கும் அந்தக் கையேட்டை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

நியூயார்க் பார் தேர்வு வாரியத்திடம் முன்கூட்டியே தகுதி மதிப்பீடு கேட்கலாம். மதிப்பெண் சான்றுகளை உங்கள் பல்கலைக்கழகமே நேராக அனுப்ப வேண்டும். பதில் வர மாதக்கணக்காகும். சேர்க்கைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே இதைத் தொடங்குங்கள்.

ஹேக் கோடை வகுப்பைப் பட்டமாக நினைப்பது

1923-இல் தொடங்கிய ஹேக் சர்வதேசச் சட்ட அகாடமி, நெதர்லாந்தின் ஹேக் நகரில் அமைதி மாளிகை வளாகத்தில் நடத்தும் கோடை வகுப்புகள் அருமையானவை. ஆனால் வந்து உட்கார்ந்தவர்களுக்குக் கிடைப்பது வருகைச் சான்றிதழ். டிப்ளமோவுக்குத் தனித் தேர்வு உண்டு. தேறுகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ரெஸ்யூமேயில் இரண்டையும் குழப்பி எழுதினால் நேர்காணலில் மாட்டுவீர்கள்.

சர்வதேச நீதிமன்ற ஃபெலோஷிப்புக்குத் தனியாக விண்ணப்பிப்பது

ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் பயிற்சி பெறும் இந்த வாய்ப்புக்கு அப்படி விண்ணப்பிக்க முடியாது. பல்கலைக்கழகம்தான் பெயரை அனுப்ப வேண்டும். அந்த ஆசை இருந்தால், பெயர் அனுப்பும் வழக்கமுள்ள பல்கலைக்கழகம் எது என்று சேரும் முன்பே விசாரியுங்கள்.

பிரெஞ்சைத் தள்ளிப்போடுவது

சர்வதேச நீதிமன்றத்தின் அலுவல் மொழிகள் இரண்டு. அதில் ஒன்று பிரெஞ்சு.

பெரிய மனிதரிடம் பரிந்துரைக் கடிதம்

உங்கள் கட்டுரையைத் திருத்தியவரிடம் கேளுங்கள்.

அந்த ஜூனியருக்குப் பாடம் மாற்ற இன்னும் நான்கு நாள் இருந்தது. அகதிகள் சட்டம் உட்பட மற்றவற்றை விட்டுவிட்டு எவிடென்ஸும் விதி கேட்கும் மற்றப் பாடங்களும் எடுத்திருக்கிறாள். கடல் சட்டத்தை மட்டும் விட மாட்டேன் என்கிறாள். கூட்டிப் பார்த்தேன், கணக்கு சரியாகத்தான் வருகிறது.