மாத்திரைக்குச் சரின்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு நோட்டு போடுங்க

புள்ளைக்கு ஏடிஹெச்டி (கவனம் நிக்காம, அளவுக்கு மீறி துறுதுறுன்னு இருக்கற கோளாறு) இருக்கு, மாத்திரை ஆரம்பிக்கலாம்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு தஞ்சாவூர்லேந்து பாபநாசம் வர்ற வரைக்கும் பஸ்ஸுல அந்த மருந்துச் சீட்டை மடிக்கறதும் பிரிக்கறதுமா வந்தேன். வீட்டுக்கு வந்து சொன்னா எங்க அத்தை ஒரே அழுகை, "ஆம்பளப் புள்ளன்னா அப்டித்தான் இருப்பான், பச்சப்புள்ளைக்குப் போயி பைத்தியத்துக்கு குடுக்கற மாத்திரையா"ன்னு. மூணு மாசம் முடிவெடுக்க முடியாம தவிச்சேன். இப்ப அவனுக்கு 9 வயசு, ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. அந்த மூணு மாசத்துல யாராவது எனக்கு இதெல்லாம் சொல்லிருந்தா நல்லா இருந்துருக்கும்னு தோணுது, அதான் எழுதறேன்.

மொதல்ல ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க. ரெண்டு வாரம், தெனமும் எழுதுங்க. "ரொம்ப சேட்டை"ன்னு எழுதினா ஒன்னுக்கும் ஆகாது. எத்தன மணி, எங்க, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, எவ்ளோ நேரம் நீடிச்சுதுன்னு எழுதணும். என் நோட்டுல ஒரு நாள் இப்டி இருக்கு: "செவ்வா, ராத்திரி 7.30, கணக்கு வீட்டுப்பாடம், மூணாவது கணக்குலயே எந்திரிச்சுட்டான், பென்சிலைக் கடிச்சுத் துப்புனான், நேத்து தூங்க 11 ஆச்சு." இந்த மாதிரி பத்து நாள் சேந்தப்பதான் தூக்கம் கெட்ட மறுநாளெல்லாம் ரெண்டு மடங்கா இருக்குன்னே எனக்குப் புரிஞ்சுது. ஸ்கூல்லயும் டீச்சர்கிட்ட கேட்டு எழுதி வாங்குங்க, ஏன்னா வீட்டுல மட்டும் இருந்தாலோ ஸ்கூல்ல மட்டும் இருந்தாலோ டாக்டர் ஏடிஹெச்டின்னு சொல்ல மாட்டாங்க, ரெண்டு எடத்துலயாவது இருக்கணும், ஆறு மாசமாவது நீடிச்சிருக்கணும், 12 வயசுக்கு முன்னாடியே தெரிய ஆரம்பிச்சிருக்கணும்.

அடுத்தது காது, கண்ணு, ரத்தம். காது சரியா கேக்காத புள்ளையும் கூப்டா திரும்பாது, ராத்திரி குறட்டை விட்டுத் தூங்கற புள்ளையும் பகல்ல நெலகொள்ளாது. இதையெல்லாம் பாத்துட்டு வாங்கன்னு சொல்ற டாக்டர் நல்ல டாக்டர். அஞ்சு நிமிஷத்துல சீட்டு எழுதிக் குடுத்தா இன்னொரு டாக்டர்கிட்ட கேளுங்க, அதுல ஒரு தப்பும் இல்ல. காசில்லன்னு தள்ளிப்போட வேணாம், மாவட்டத்துல டிஇஐசின்னு புள்ளைங்களுக்கான அரசு சிகிச்சை மையம் இருக்கும், 18 வயசு வரைக்கும் இலவசமா பாப்பாங்க, பெரிய அரசு ஆஸ்பத்திரில விசாரிங்க. 14416க்கு போன் பண்ணினா டெலி மனஸ்ங்கற அரசாங்க மனநல உதவி எண்ல தமிழ்லயே பேசலாம்.

ஆறு வயசுக்குள்ள இருந்தா எடுத்தவுடனே மாத்திரைக்குப் போறது இல்ல, அப்பா அம்மாவுக்கு ட்ரெய்னிங் குடுக்கறதுதான் மொதல் வைத்தியம். ஸ்கூல்ல "மாத்திரை குடுத்தாதான் உள்ள விடுவோம்"னு சொன்னா பயந்துடாதீங்க (எனக்கு சொன்னாங்க), அதை முடிவு பண்ண வேண்டியவுங்க நீங்களும் டாக்டரும்தான்.

இப்ப மாத்திரை. பேரைக் கேட்டுக்குங்க, ஏன்னா எல்லாம் ஒன்னு இல்ல. மெத்தில்ஃபெனிடேட்னா அன்னிக்கே வேலை செய்யும், சாதா மாத்திரை நாலு மணி நேரம் நிக்கும். அட்டோமோக்செட்டின்னா தெனமும் குடுத்து சில வாரம் காத்திருக்கணும். ரிஸ்பெரிடோன்ங்கறது வேற, அதிகக் கோவத்துக்கும் அடிச்சுக்கறதுக்கும் குடுக்கறது, அதுல வெயிட் ஏறும். குடும்பத்துல யாருக்காவது இதயக் கோளாறோ, சின்ன வயசுல திடீர் சாவோ இருந்தா டாக்டர் கேக்காட்டியும் நீங்களே சொல்லிடுங்க.

எல்லாருக்கும் உள்ள பயம், புள்ள பொம்மை மாதிரி ஆயிடுமோங்கறது. எனக்கும் அதான் பயம். மெத்தில்ஃபெனிடேட் தூங்க வெக்கற மாத்திரை இல்லவே இல்ல. குடுத்த பிறகு புள்ள சிரிப்பு இல்லாம, பேச்சு இல்லாம மந்தமா உக்காந்திருந்தா "அப்பாடா அடங்கிட்டான்"னு விட்டுறாதீங்க, டோஸ் ஜாஸ்தியா இருக்கலாம், டாக்டர்கிட்ட சொல்லுங்க. மயக்கம், நெஞ்சுவலி, சாகறதைப் பத்திப் பேசறதுன்னு எதுவா இருந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே போங்க.

சாப்பாடுதான் நெசமாவே கஷ்டம். மொத ரெண்டு வாரம் டிபன் பாக்ஸ் தொறந்தா காலைல நான் அமுக்கி வச்ச லெமன் சாதம் அப்டியே இருக்கும், அதைப் பாத்து அழுதுருக்கேன். அப்பறம் மாத்திவிட்டோம். மாத்திரைக்கு முன்னாடியே நாலு இட்லி, நெய் விட்டு, அப்பறம்தான் மாத்திரை. மதியம் தயிர் சாதம் ரெண்டு வாய் போதும்னு விட்டுட்டோம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மருந்தோட வேகம் எறங்கி பசி வந்து நிக்கும், அப்ப நொறுக்குத்தீனி குடுக்காம முழு சாப்பாடே போட்ருவேன். மாசாமாசம் ஒரே தேதில வெயிட்டும் உயரமும் நோட்டுல எழுதறேன். மதியத்துக்கு மேல குடுத்தா ராத்திரி தூக்கம் கெடலாம், அதனால நேரத்தை நீங்களா மாத்தாதீங்க.

மெத்தில்ஃபெனிடேட் எல்லா மெடிக்கல்லயும் கெடைக்காது. சீட்டு ரெண்டு காப்பி வேணும், ஒன்னை கடைக்காரரு வச்சுக்குவாரு, இது அரசாங்க சட்டம், உங்களை சந்தேகப்பட்டு கேக்கறது இல்ல. தீர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே வாங்கிடுங்க, வீட்டுல பூட்டி வைங்க.

மனக்கோளாறு தீரும்னு நம்பிப் போற குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போகணும்னு பெரியவுங்க சொன்னா கூட்டிட்டுப் போங்க, நாங்களும் போனோம், மாத்திரையையும் பையில வச்சுக்கிட்டுதான் போனோம். மாத்திரை குடுத்தா மத்ததெல்லாம் விட்டுறலாம்னும் இல்ல, வீட்டுப்பாடத்தை பத்து பத்து நிமிஷமா பிரிக்கறது, ஒரு சமயத்துல ஒரே வேலை சொல்றதுன்னு எல்லாம் இன்னும் நடக்குது. ஆனா முன்னாடி மேட்டூர் தொறந்து வாய்க்கால்ல தண்ணி வந்துட்டா எனக்கு உசுரே இருக்காது, எப்ப ஓடிப்போயி குதிப்பானோன்னு, இப்ப "கரையிலேயே நில்லு"ன்னா அந்தச் சொல்லு அவன் காதுல விழுது.

கடைசியா ஒன்னு, வீட்டுல யாரு எதுக்கறாங்களோ அவுங்களை அடுத்த தடவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. எங்க அத்தை நேரா கேட்டாங்க, "இதுக்கு அடிமையாயிடுவானா டாக்டர்?" அவர் பொறுமையா, சொன்ன அளவுல குடுத்தா அந்தப் பயம் வேணாம், வருஷத்துக்கு ஒரு தடவ இன்னும் தேவையான்னு நானே பாப்பேன்னாரு. இப்ப காலைல இட்லித் தட்டோட அவன் பின்னாடி போறது அவுங்கதான், "சாப்டாதான் மாத்திரை"ன்னு.