சிறுகோளின் ஒரு நாள் எவ்வளவு நீளம்? கல்லூரித் தொலைநோக்கியில் அளக்கும் முறை

கல்லூரி வானாய்வகத்தில் 30 செ.மீ. தொலைநோக்கியும் ஒரு கேமராவும் இருந்தால் அழகான படங்களோடு நின்றுவிடாதீர்கள். 2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் விண்கலம் மோதிய பின், பெரிய சிறுகோள் ஒன்றைச் சுற்றிவரும் டைமார்போஸ் என்ற சின்னஞ்சிறு கோளின் சுற்றுக்காலம் 11 மணி 55 நிமிடத்திலிருந்து 11 மணி 23 நிமிடமாகக் குறைந்ததைத் தரையிலிருந்த தொலைநோக்கிகள் கண்டது ஒளியை அளந்துதான். அதே முறையில் ஒரு சிறுகோளின் சுழற்சியை நீங்களும் அளக்கலாம்.

படி 1: இலக்கு
216 கிளியோபாட்ரா என்ற சிறுகோளில் தொடங்குங்கள். நீண்ட உருவம் என்பதால் ஒளி நன்றாக ஏறி இறங்கும். சுழற்சி சுமார் 5.4 மணி நேரம். ஒரே இரவில் முழுதாகப் பிடித்துவிடலாம். சூரியனுக்கு நேரெதிரே வரும் மாதங்களில் பாருங்கள்.

படி 2: கடிகாரம்
கணினி நேரத்தை இணையத்தோடு ஒத்திசையுங்கள். பதிவெல்லாம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்).

படி 3: பிளாட் படங்கள்
பிளாட் என்பது சீரான ஒளியை நோக்கி எடுத்து, மற்றப் படங்களின் நிழல்களைச் சரிசெய்ய உதவும் படம். பலரும் அவசரப்படும் இடம் இது. ஃபில்டரில் ஒட்டிய தூசி, படத்தில் வளையம் வளையமாக நிழல் விழவைக்கும். இரவு நகர நகரச் சிறுகோள் அந்த வளையத்துக்குள் புகுந்தால், மங்காத ஒளி மங்கியதாகப் பதிவாகும். அந்தி வானத்தை நோக்கி பிளாட் எடுங்கள். அதன்பின் கேமராவைத் திருப்பவோ ஃபோகஸை அதிகம் மாற்றவோ வேண்டாம். டார்க் படங்களையும் (ஒளி புகாமல் மூடி எடுப்பவை), சிறுகோளை எடுக்கும் அதே வெப்பநிலையில், அதே எக்ஸ்போஷரில் எடுத்துவையுங்கள்.

படி 4: படப்பிடிப்பு
60 விநாடி எக்ஸ்போஷர் பெரும்பாலும் போதும். 16 பிட் கேமராவில் சிறுகோள், விண்மீன்களின் பிக்சல் உச்ச மதிப்பு 40,000-ஐத் தாண்டாமல் பாருங்கள்.

படி 5: ஒப்பீடு
அதே படத்தில், சூரியனின் நிறத்தை ஒத்த நான்கைந்து விண்மீன்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றோடு சிறுகோளின் பொலிவை ஒப்பிடுங்கள். மெல்லிய மேகம் வந்தால் எல்லாம் சேர்ந்தே மங்கும். வித்தியாசம் பெரிதாக மாறாது. ஆனால் அந்த விண்மீன்களில் ஒன்றே மாறொளி விண்மீனாக (பொலிவு தானாகவே மாறுவதாக) இருக்கலாம். முதலில் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஆடுவதை நீக்குங்கள்.

படி 6: வரைபடம்
நேரத்துக்கு எதிராகப் பொலிவை வரைந்தால் மேடும் பள்ளமும் தெரியும். ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேடுவரை ஒரு சுழற்சி என்று கணக்கிட்டால் பாதிதான் கிடைக்கும். நீண்ட சிறுகோள் ஒரு சுற்றில் தன் அகன்ற பக்கத்தை இருமுறை காட்டுகிறது. இரண்டு மேடு சேர்ந்ததே ஒரு சுழற்சி.

பல இரவுகளைச் சேர்க்கும்போது, சிறுகோளிலிருந்து ஒளி வந்துசேரும் நேரத்தைக் கழித்துவிடுங்கள்: பூமி–சூரியன் சராசரித் தொலைவு ஒவ்வொன்றுக்கும் 499 விநாடி. முதலில் அடுத்தடுத்த இரண்டு இரவுகள் எடுங்கள். அடுத்தது ஒரு வாரம் கழித்து. இடையில் எத்தனை சுற்று போயிற்று என்ற குழப்பம் அப்போதுதான் வராது.