காரணம் புரியாமல் ஒலிக்கும் எஞ்சின் அலாரம்: மோட்டார் படகில் கோளாறைக் கண்டறியும் முறை

எஞ்சின் எச்சரிக்கை அலாரம் ஒலிக்கிறது. ஆனால் கேஜ் முட்கள் வழக்கமான இடத்திலேயே நிற்கின்றன, குளிர்விக்கும் நீர் வெளியேறும் நீர்த்தாரை பின்புறத்தில் நன்றாகப் பீய்ச்சுகிறது, எஞ்சின் சத்தத்திலும் வேறுபாடு இல்லை. இந்த நிலையில் சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, புதிது வாங்கி மாட்டுவதுதான் பலரும் செய்வது. சில வேளைகளில் அந்த முடிவு சரியாகவும் இருக்கும். ஆனாலும் வெப்பத்தையும் ஆயில் அழுத்தத்தையும் தனிக் கருவியால் அளந்து, இரண்டும் சரி என்று தெரிந்துகொள்ளும் வரை அலாரம் சொல்வதை உண்மை என்றே கொள்ள வேண்டும். பல எஞ்சின்களில் கேஜுக்கு ஒரு சென்சாரும் அலாரத்துக்கு வேறொரு சுவிட்சும் தனித்தனியாக இருப்பதால், இரண்டும் முரண்படும்போது பொய் சொல்வது அலாரமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. குளிர்விக்கும் நீர் குறைந்து, வெப்ப சென்சாரின் முனை நீரில் மூழ்காமல் ஆவியில் நின்றால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே கேஜ் குறைவாகக் காட்டும்.

நீரில் இருக்கும்போது அலாரம் ஒலித்தால் உடனே வேகத்தைக் குறைத்து எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். ஆயில் அழுத்தத்துக்கான எச்சரிக்கை என்று தெரிந்தால், படகு மோதும் ஆபத்தில் இல்லாதவரை, எஞ்சினை அப்போதே நிறுத்த வேண்டும். அழுத்தம் உண்மையிலேயே இல்லையென்றால் பேரிங்குகள் கெடுவதற்கு அதிக நேரம் தேவைப்படாது. வெப்ப எச்சரிக்கையாக இருந்து நீர்த்தாரை வந்துகொண்டிருந்தால் சிறிது நேரம் ஐடிலில் ஓடவிட்டு வெப்பம் இறங்குகிறதா என்று பார்க்கலாம். தாரை நின்றுபோயிருந்தால் நிறுத்திவிட்டு நங்கூரம் இறக்குவதே சரி. எஞ்சின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டால், அது கட்டுப்பாட்டுக் கணினி எடுத்த பாதுகாப்பு நடவடிக்கை என்று கொள்ளுங்கள். சாவியை அணைத்துப் போட்டு அதை அழித்துவிட்டு மறுபடி முழு வேகத்தில் ஓட்டுவது தவறு.

ஒலிப்பது எஞ்சின் அலாரம்தானா என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஆழமானி, படகின் அடித்தள நீர்மட்டக் கருவி, பெட்ரோல் ஆவிக் கருவி, கார்பன் மோனாக்சைடு கருவி ஆகிய அனைத்துமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கூவும். கார்பன் மோனாக்சைடு கருவி ஒலித்தால் ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொண்டு, எல்லோரையும் முதலில் திறந்த காற்றுக்கு அனுப்புங்கள். உள்ளே பொருத்தப்பட்ட பெட்ரோல் எஞ்சினாக இருந்தால், சோதனைக்காக மறுபடி ஸ்டார்ட் செய்யும் முன் காற்றோட்ட விசிறியைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிட்டு, எஞ்சின் அறையை மோந்தும் பார்க்க வேண்டும்.

அடுத்து, அலாரம் எந்தச் சூழலில் ஒலித்தது என்பதை எழுதி வையுங்கள். கோளாறைத் தேடுவதில் இதைவிடப் பயனுள்ள குறிப்பு கிடைப்பது அரிது. தொடர் ஒலியா, விட்டு விட்டு வந்ததா, எத்தனை முறை என்பதை எஞ்சின் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். ஒலி முறைகள் நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் மாறுவதால் வேறொரு எஞ்சினின் பட்டியலை நம்பக் கூடாது. வேகமாகச் சில நிமிடம் ஓடிய பிறகு மட்டும் ஒலித்து, மெதுவாகச் சென்றால் நின்றுவிடுகிறது என்றால், எஞ்சினுக்குள் குளிர்விக்கும் நீரோட்டம் போதவில்லை என்ற சந்தேகமே முதலில் எழ வேண்டும். நீண்ட ஓட்டத்துக்குப் பின் ஐடிலுக்கு இறங்கும்போது மட்டும் ஒலித்தால், சூடாகி இளகிய ஆயிலின் அழுத்தம் சுவிட்சின் எல்லைக்குக் கீழே போகிறது என்று பொருள் கொள்ளலாம். கூர்மையான திருப்பங்களில் மட்டும் வந்தால் ஆயில் அளவு குறைந்து ஒரு பக்கமாக ஒதுங்குவதும், அவுட்போர்டை (படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் எஞ்சினை) அதிகமாக மேலே தூக்கியபோது வந்தால் நீர் உறிஞ்சும் துளைக்குள் காற்று நுழைவதும் காரணமாக இருக்கலாம். சூடான எஞ்சினை நிறுத்தி, சற்று நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தவுடன் சில நொடிகள் ஒலித்து ஓய்ந்தால், நீரோட்டம் நின்ற வேளையில் உலோகத்தின் சூடு சென்சாரில் ஏறியிருக்க வாய்ப்புண்டு.

அளப்பதற்கு இரண்டு கருவிகள் வேண்டும். ஒன்று அகச்சிவப்பு வெப்பமானி. பளபளப்பான உலோகத்தின் மீது அது தவறாகக் காட்டும் என்பதால், தெர்மோஸ்டாட் (வெப்பம் ஏறியதும் திறந்து நீரை விடும் வால்வு) மூடி, சிலிண்டர் தலை, புகைபோக்கிக் குழாய் ஆகியவற்றில் சிறு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அந்த இடத்தையே ஒவ்வொரு முறையும் குறிபார்த்து அளக்க வேண்டும். கடல்நீரை நேரடியாகச் சுற்றவிடும் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் 60 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் குறைவான வெப்பத்தில் திறக்கும். உங்கள் எஞ்சினுக்கான எண்ணைக் கையேட்டில் பாருங்கள். வி வடிவ எஞ்சினில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் அடைப்பு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டாவது கருவி, ஆயில் அழுத்த சுவிட்சைக் கழற்றிய துளையில் திருகக்கூடிய மெக்கானிக்கல் அழுத்தமானி. அதைக் கொண்டு எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிலும், அலாரம் வந்த அதே வேகத்திலும் அளக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் எடுத்த எண் எதையும் நிரூபிக்காது. அதற்கு முன் ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்: ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது, அளவு கூடி பெட்ரோல் வாடை அடித்தால் எரிபொருள் கலந்து ஆயில் நீர்த்துப்போயிருக்கிறது.

வெப்பம் உண்மையிலேயே கூடியிருந்தால் நீரின் பாதையை நுழைவாயிலிலிருந்து வரிசையாகப் பின்தொடருங்கள். உறிஞ்சும் துளையில் ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக் பை, படகு நின்றதும் நழுவிப் போய்விடும் என்பதால், தடயமே இல்லாத அலாரங்களில் ஒரு பகுதிக்கு அதுதான் காரணம். அடுத்தது பம்பின் ரப்பர் இம்பெல்லர், அதாவது சுழன்று நீரைத் தள்ளும் இதழ்களுள்ள சக்கரம். நீரில்லாமல் சில நொடிகள் சுழன்றாலே அது சேதமடையத் தொடங்கிவிடும். கழற்றும்போது ஒரு இதழ் உடைந்து காணாமல் போயிருந்தால், புதிய இம்பெல்லரை மாட்டிவிட்டு நின்றுவிடாமல், அந்தத் துண்டு குழாயில் எங்கே சிக்கியிருக்கிறது என்று தேடி எடுத்தே ஆக வேண்டும். நீர்த்தாரை பலமாக வருவது பம்ப் வேலை செய்கிறது என்பதை மட்டுமே காட்டும். தெர்மோஸ்டாட் திறக்காமலோ உப்புப் படிவால் உட்பாதைகள் அடைபட்டோ இருந்தாலும் தாரை வந்துகொண்டிருக்கலாம். தாரையே மெலிந்திருந்தால், மெல்லிய நைலான் நரம்பை அதன் துளையில் விட்டுச் சுத்தம் செய்துவிட்டு மேலே தொடருங்கள்.

அளவுகள் எல்லாம் சரி என்றால்தான் மின்சுற்றுக்கு வர வேண்டும். பழைய, எளிய அமைப்புகளில் வெப்ப சுவிட்ச், ஆயில் அழுத்த சுவிட்ச், சில படகுகளில் கியர் ஆயில் குப்பியின் மிதவை சுவிட்ச் ஆகிய மூன்றும் ஒரே வயரில் இணைந்து, அவற்றுள் எது எர்த்தைத் தொட்டாலும் ஒரே பஸ்ஸரைக் கூவ வைக்கும். கியர் ஆயில் குறைந்ததற்கு எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பவர்கள் இருப்பது இதனால்தான். அந்தக் குப்பி இருந்தால் அதை முதலில் பாருங்கள். இத்தகைய அமைப்பில் ஆயில் சுவிட்ச், அழுத்தம் இல்லாதபோது மூடியிருக்கும் வகையாக இருப்பதால், எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பினால் பஸ்ஸர் ஒலிக்க வேண்டும். ஒலிக்கவில்லை என்றால் அலாரமே செத்திருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் படகை எடுக்கக் கூடாது. ஒலிக்கும் நிலையில் சுவிட்சுகளின் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஆயில் சுவிட்சின் வயரைக் கழற்றியதும் ஓய்ந்தால் மற்ற இரண்டும் அந்த நேரத்தில் சரியாக இருக்கின்றன. எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் ஒலித்தால், உறை தேய்ந்த வயர் எங்கோ எஞ்சின் உலோகத்தை உரசுகிறது. கிளாம்ப்களுக்கு அடியிலும் புகைபோக்கிக் குழாயின் ஓரத்திலும் தேடுங்கள்.

கணினி கட்டுப்பாட்டு எஞ்சின்களில் வயர்களை இப்படிக் கழற்றுவது புதிய பிழைக் குறியீடுகளை உருவாக்கும் என்பதால், முதலில் ஸ்கேனரால் பதிவான குறியீடுகளைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். தொடர்பற்ற பல குறியீடுகள் ஒன்றாகத் தெரிந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். முழுதாக சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு அருகிலும், எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வரையும் காட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் சுழலும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பேட்டரியையும் முனைகளில் படிந்த பச்சை அரிப்பையும் எர்த் கேபிளின் இறுக்கத்தையும் முதலில் சரிசெய்துவிட்டு, குறியீடுகளை அழித்து மறுபடி பாருங்கள்.

சுவிட்சை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று உறுதியானால், அதே எல்லை மதிப்புள்ளதையே வாங்குங்கள்; பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவை வேறு வெப்பத்தில் இயங்கலாம். ஒற்றை வயர் சுவிட்சுக்கு மரைதான் எர்த் என்பதால் அதன் மீது டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் இணைப்பு கெட்டு, அலாரம் ஒலிக்க வேண்டிய நேரத்திலும் ஒலிக்காமல் போகக்கூடும். வேலை முடிந்ததும் குழாய்நீரை இணைத்து ஐடிலில் ஓட்டிப் பார்ப்பது போதாது. படகை நீரில் இறக்கி, முன்பு அலாரம் வந்த அதே வேகத்தில், அதே சுமையோடு, அப்போது ஓடியதைவிடக் கூடுதலான நேரம் ஓட்டி, டேப் ஒட்டிய இடங்களில் வெப்பத்தை மீண்டும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.