பின்விளக்குப் பழுது: பல்பை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

போன மழைக்காலத்தில் எங்கள் பழைய காரில் பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு லேசாக எரிந்தது. இடது பின்விளக்கோ மங்கிப்போனது. பல்பை மாற்றினேன், சரியாகவில்லை. ஹோல்டரையும் மாற்றினேன். மூன்றாம் நாள்தான் டிக்கிக்குள் துருப்பிடித்த ஒரு திருகு கண்ணில் பட்டது. விளக்குக்கு வந்த கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப உதவும் எர்த் வயரைப் பாடியோடு பிடித்திருந்த திருகு அது.

பழைய வண்டிகளில் பலர் செய்யும் முதல் தவறு இதுதான்: எர்த்தை மறந்துவிடுவது. பிரேக்குக்கும் பார்க்கிங்குக்கும் சேர்த்து வரும் பல்பில் இரண்டு இழைகள் உண்டு. பிரேக்குக்கு 21 வாட், பார்க்கிங்குக்கு 5 வாட். இரண்டுக்கும் எர்த் ஒன்றே. அது விட்டுப்போனால், பிரேக் இழைக்கு வந்த கரண்ட் 5 வாட் இழை வழியாகப் பின்னோக்கிப் போய், பார்க்கிங் லைனில் உள்ள மற்ற விளக்குகள் மூலம் எர்த்தைத் தேடிக்கொள்ளும். பிரேக் மிதித்தால் டேஷ்போர்டு எரிவதும், இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கு முழுவதும் சேர்ந்து மினுக்குவதும் இதனால்தான். இப்படி ஒரு விளக்கு இன்னொன்றோடு சேர்ந்து எரிந்தால் பல்பைக் கழற்றவே வேண்டாம். ஒரு துண்டு வயரின் ஒரு முனையை ஹோல்டரின் எர்த் முனையிலும், மறுமுனையைச் சுரண்டிய பாடி இரும்பிலும் வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒழுங்காக எரிந்தால் பழுது பிடிபட்டுவிட்டது. அப்புறம் திருகைக் கழற்றி, வயர் முனையையும் இரும்பையும் உப்புத்தாளால் பளபளவெனத் தேய்த்து, இறுக்கிவிட்டு மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினால் போதும்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களும் ஏமாறுவது உண்டு. பல்பைக் கழற்றிவிட்டு அளந்தால், நூலிழை அளவு ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் 12 வோல்ட் காட்டும். பல்பு எரியும்போது அளக்க வேண்டும். ஹோல்டரின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்க வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் காட்டினால் வழியில் எங்கோ களிம்பு பிடித்திருக்கிறது.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால் பெரிய ஃபியூஸ் போடுவதும், சிகரெட் டப்பாவின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும் மிக ஆபத்தானவை. எங்கோ ஷார்ட் ஆவதால்தான் ஃபியூஸ் போகிறது. அதைப் போகவிடாமல் தடுத்தால் அடுத்து எரிவது வயர். டிக்கி மூடியின் கீலருகே வளைந்து வளைந்து உறை கிழிந்த வயர்களை முதலில் பாருங்கள்.

இரட்டை இழை பல்பின் இரு பக்கக் காதுகளும் ஒரே உயரத்தில் இருக்காது. தேய்ந்த ஹோல்டரில் அழுத்தித் திருப்பினால் பக்கம் மாறியும் உட்கார்ந்துவிடும்; இரண்டு இழைகளின் வேலையும் இடம் மாறிவிடும். அப்போது பார்க்கிங்கில் 21 வாட் இழை இரவெல்லாம் எரிந்து பிளாஸ்டிக்கை உருக்கும். பிரேக் மிதித்தால் பின்னால் வருபவருக்குத் தெரியாது.

எல்இடி பல்பு போடுவதானால் சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்இடிதான் சரி. இண்டிகேட்டரில் மாற்றினால், அதை மினுக்கவைக்கும் கருவியான பழைய ஃபிளாஷர், பல்பு போய்விட்டதாக நினைத்து வேகமாக மினுக்கும். ஃபிளாஷரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு விளக்காகச் சோதிப்பது போதாது. பார்க்கிங்கைப் போட்டு, இண்டிகேட்டரையும் போட்டு, ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். எர்த் சரியில்லை என்றால் அப்போதுதான் வெளியே தெரியும்.