ஜோவாந்திட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தவை

கோபிச்செட்டிபாளையத்தில் கடல்நீர்த் தொட்டியா என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டுமுங்க.

தொட்டிக்காகக் கோயமுத்தூரில் வாங்கிய ஜோவாந்திட் (பவளத்துக்கு உறவான கடலுயிர்) துண்டோடு ஏதேதோ கூடவே வந்துவிட்டது. இதில் பல இரவில்தான் நடமாடும். விளக்கை அணைத்து, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிப் பார்த்தேன். ("ஏங் கண்ணு, நடுச்சாமத்துல அங்க என்ன தேடற?" என்று அம்மா வேறு.) இரு பக்கமும் வெள்ளை மயிரோடு ஊர்ந்தது பிரிசில் புழு. அதைக் கொல்ல வேண்டியதில்லை. மிச்சத் தீனியைத் தின்று சுத்தம் செய்யும். வெறுங்கையால் தொட்டால் மட்டும் முள் ஏறி எரியும்.

தொல்லை ஐப்டேசியாதான்; பூப்போல விரியும் கடற்சாமந்தி (அனிமோன்) வகை. பழுப்பான, கண்ணாடி போன்ற தண்டு. வாயைச் சுற்றி நுனி கூர்ந்த நீள இழைகள். இழை நுனி குமிழாக இருந்தால் அது மஜானோ என்ற வேறு கடற்சாமந்தி. குச்சியால் தொட்டதும் ஐப்டேசியா சட்டென்று பொந்துக்குள் சுருங்கிவிடும். பிய்த்தெடுத்தால் போச்சு, ஒட்டியிருக்கும் துணுக்கே தனியாக வளர்ந்துவிடும்.

மீன்தொட்டிக்கென்றே விற்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது சுத்தமான சுண்ணாம்புத் தூளை ஆர்.ஓ. தண்ணீரில் தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்தேன். பம்புகளை நிறுத்திவிட்டு, அது விரிந்திருக்கும்போதே சிரிஞ்சால் வாய்மேல் மெதுவாக விட்டேன். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் விட்டால் தண்ணீரின் பிஎச் (காரத்தன்மை) எகிறிவிடும்; நாலைந்தாகப் பிரித்துத்தான் விட்டேன்.

தப்பிய ஐப்டேசியாக் குட்டிகளைத் தின்னப் பெப்பர்மின்ட் இறால். வாங்கும்போது முதுகு கூனலாக இருந்தால் வேண்டாமுங்க. அது ஒட்டக இறால், ஜோவாந்திட்டையே கொத்தும்.