வெளிநாட்டுக்குப் போன இடத்தில் ஒருநாள் நடன வகுப்பு: எங்கெல்லாம் சறுக்கும்?

அட்டவணையில் 'ஓப்பன் லெவல்' என்று போட்டிருந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டு நியூயார்க்கில் ஒரு பாலே வகுப்புக்குப் போய் நின்றேன். கம்பியைப் பிடித்து ஆடுகிற முதல் பகுதியை முன்னால் நின்றவரின் காலைப் பார்த்தே ஓட்டிவிட்டேன். கூடத்தின் நடுவுக்கு வந்ததும்தான் குட்டு வெளிப்பட்டது. ஆசிரியர் முழுசாக ஆடிக்கூடக் காட்டவில்லை. கையாலேயே அடவுகளைக் குறித்துக் காட்டி, பெயர்களைக் கடகடவென்று சொல்லிவிட்டுப் பியானோக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். எல்லோரும் ஆடினார்கள். நான் நின்றேன்.

'ஓப்பன்' என்றால் தேர்வு வைக்காமல் உள்ளே விடுவார்கள், அவ்வளவுதான். தொழில்முறை நடனக்காரர்கள் காலையில் உடம்பைத் தயார் பண்ணிக்கொள்ள வருகிற வகுப்புக்கும் அதே பெயர்தான். 'பிகினர்' என்பதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். பெரிய நகரங்களில் அந்த வகுப்பில் நிற்பவர் மூன்று நான்கு வருடமாக அதே வகுப்புக்கு வருகிறவராக இருக்கலாம். ஒன்றுமே தெரியாதவர்களுக்கானது பெரும்பாலும் 'அப்சல்யூட் பிகினர்', 'இன்ட்ரோ' என்ற பெயரில் தனியாக இருக்கும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. சில வகுப்புகள் ஆறு வாரம், எட்டு வாரம் என்று ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போகிற தொடர்கள்; நான்காவது வாரத்தில் போய் நுழைந்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. 'புதிதாக ஒருவர் ஒரே ஒரு நாள் வந்தால் ஈடுகொடுக்க முடியுமா?' என்று முன்னதாக ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. ஊரில் ஆடுகிற நிலையைவிட ஒரு படி கீழே சேருங்கள். கௌரவம் குறையாது. இடம் புதிது, தரை புதிது, மொழி புதிது. அந்த ஒரு படியை இவையே தின்றுவிடும்.

ஒரே பெயர் என்றால் எங்கும் ஒரே ஆட்டம் என்று நினைப்பதுதான், என் பார்வையில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஜோடியாக ஆடும் சால்சாவையே எடுத்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சலஸ் பாணியில் எட்டு எண்ணிக்கைக்குள் 1-லும் 5-லும் உடம்பு திசை மாறும். நியூயார்க் பாணியில் 2-லும் 6-லும். கால் விழுவது இரண்டிலும் 1, 2, 3, 5, 6, 7 என்றுதான். அதனால் ஓரமாக நின்று பார்த்தால் வித்தியாசமே பிடிபடாது. கைகோத்து ஆடத் தொடங்கிய நாலாவது அடியில் முட்டிக்கொள்ளும்போது பிடிபடும். கியூபாவுக்குப் போனால் கதையே வேறு. மேற்சொன்ன இரண்டும் நேர்கோட்டில் போய்வருபவை. அங்கே 'கசீனோ' என்று சொல்லப்படுவதில் ஜோடி ஒருவரை ஒருவர் சுற்றிக்கொண்டே இருக்கும். பல ஜோடிகள் வட்டமாக நின்று ஆடும் 'ருவேதா'வில் ஒருவர் குரல் கொடுப்பார், எல்லோரும் அந்த நொடியே அதைச் செய்ய வேண்டும். 'தாமெ' என்று குரல் வந்தால் இணை மாற வேண்டும். தெரியாமல் நின்றீர்களானால் உங்களோடு மொத்த வட்டமும் நின்றுபோகும்.

பாலேயில் சொற்கள் உலகம் முழுக்கப் பிரெஞ்சுதான், ஆகவே பிழைத்தோம் என்று தோன்றும். பாதி உண்மை. தலைக்கு மேல் இரு கைகளையும் வட்டமாக வைக்கும் நிலை செக்கெட்டி என்ற பயிற்சி முறையில் ஐந்தாவது. ரஷ்யாவின் வகனோவா முறையில் அதுவே மூன்றாவது. அறையின் சுவர்களுக்கும் மூலைகளுக்கும் எண் போடுவதும் அப்படித்தான் மாறும். எண்ணைக் கேட்டு ஆடாமல் ஆளைப் பார்த்து ஆடுங்கள்.

பார்ப்பதற்குத் தோதான இடம் வேண்டுமே. கம்பியின் கடைசியில் ஒளிந்துகொள்ளலாம் என்று புதியவர்கள் எல்லோரும் ஓடுகிறார்கள், நானும் ஓடியிருக்கிறேன். இடது கையால் கம்பியைப் பிடித்து வலது பக்கம் முடித்ததும் எல்லோரும் திரும்புவார்கள். இப்போது கடைசி ஆள்தான் முதல் ஆள். கண் முன்னால் வெறும் சுவர். முன்னும் பின்னும் ஆள் இருக்கிற மாதிரி நடுவில் நில்லுங்கள். நிற்பதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் 'இது யாராவது வழக்கமாக நிற்கிற இடமா?' என்று கேட்டுவிடுங்கள். எங்கும் எழுதிப் போட்டிருக்காது, ஆனால் பல வருடமாக ஒரே இடத்தில் நிற்கிறவர்கள் எல்லா வகுப்பிலும் உண்டு. நமக்கு அது ஒன்றரை மணி நேர அனுபவம். அவர்களுக்கு அது வாரா வாரம் வந்துபோகிற இடம்.

அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் 'மிலோங்கா' என்கிற டாங்கோ ஆட்ட நிகழ்ச்சிகள் பலவற்றில் இரவு ஆட்டம் தொடங்கும் முன் ஒரு வகுப்பு நடக்கும். வகுப்பு முடிந்ததும் அப்படியே தங்கி ஆடலாம் என்பதால் பயணிகளுக்கு அது பிடிக்கும். சறுக்குவது வகுப்பில் அல்ல, அதற்குப் பிறகு. அங்கே பாட்டுகள் மூன்று நான்காகச் சேர்ந்து ஒரு 'தாந்தா'வாக வரும். ஒரு தாந்தா முழுக்க ஒரே இணை. இரண்டு தாந்தாக்களுக்கு நடுவில் வருகிற சிறு இசைத்துண்டு கேட்டால்தான் தளத்தைவிட்டு இறங்குவது. முதல் பாட்டு முடிந்ததும், மரியாதை என்று நினைத்து, 'கிராசியாஸ்' என்றேன். எதிரில் இருந்தவரின் முகம் சட்டென்று சுருங்கியது. என் கையை விட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் என்னை என் நாற்காலிவரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். பாதியில் சொல்லும் நன்றிக்கு அங்கே 'போதும், இனி உன்னோடு ஆட விருப்பமில்லை' என்று பொருள். ஆட அழைப்பதும் மேசைக்கு நேரே போய்க் கை நீட்டி அல்ல; தூரத்திலிருந்து கண்ணைப் பார்த்து லேசாகத் தலையசைப்பது. மறுப்பும் கண்ணாலேயே முடிந்துவிடும், யாருக்கும் தலைகுனிவு இல்லை. தளத்தில் எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தான் நகர்வார்கள். வகுப்பில் அன்று கற்ற பெரிய வித்தையை நெரிசலின் நடுவே செய்து பார்க்காதீர்கள்.

ஸ்பெயினின் ஃபிளமென்கோ வகுப்பில் புதியவர்கள் உற்சாகம் தாங்காமல் கூடவே கை தட்டிவிடுவார்கள். அந்தக் கைத்தட்டலே அங்கே தாளவாத்தியம். பன்னிரண்டு எண்ணிக்கைத் தாளத்தில் தப்பாக ஒரு தட்டு விழுந்தால் ஆடுகிறவரின் கால் தடுமாறும். முதன்முறை போகிறவருக்கு 'செவில்லானாஸ்' வகுப்பு கிடைத்தால் நல்லது. நான்கு பகுதிகளாக அமைந்த ஆட்டம், முதல் பகுதியையாவது கையில் பிடித்துக்கொண்டு வரலாம்.

காலணியை யோசிக்காமல் போவது இன்னொன்று. தெருவில் நடந்த ஷூவோடு ஆடுதளத்தில் ஏறுவதைப் பல இடங்களில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஹிப்-ஹாப்புக்கென்று தனியாகச் சுத்தமான ஜோடி வேண்டும். ஜோடி நடனத்துக்கு ரப்பர் அடி சரிவராது, திரும்பும்போது பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு முழங்கால் மட்டும் சுழலும். நீண்ட விமானப் பயணம் முடிந்த அன்றே குதிக்கிற வகுப்புக்குப் போகாதீர்கள். கால் வீங்கி, தசை இறுகி இருக்கும். தரை வெறும் கான்கிரீட் மேல் ஒட்டிய ஓடாக இருந்தால் முன்னங்கால் எலும்பு மறுநாளே கணக்குக் கேட்கும். கையெழுத்து வாங்கும் தாளில் 'காயத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று இருக்கும், பயணக் காப்பீட்டில் இது அடங்குமா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். இணை மாறி மாறி ஆடும் வகுப்பு என்றால் மாற்றுச் சட்டை ஒன்று, சிறு துண்டு ஒன்று. மோதிரமும் கைக்கடிகாரமும் பையிலேயே இருக்கட்டும்.

முன்பதிவைப் பற்றிச் சுருக்கமாக. ஊரிலிருந்தே பதிவு செய்தால் செயலி காட்டுவது உங்கள் ஊர் நேரமா அந்த ஊர் நேரமா என்று இரண்டு முறை பாருங்கள். ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி என்றால் ஆகஸ்டில் கூடம் திறந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்; பலர் மாதம் முழுக்க மூடிவிடுவார்கள். தாமதமாகப் போனால் பணம் கட்டியிருந்தாலும் உள்ளே விடாத இடங்கள் உண்டு. உடம்பு சூடேறாதவரை நடுவில் சேர்த்தால் அடிபடும் என்பதுதான் காரணம், கெஞ்சிப் பிரயோஜனமில்லை.

கடைசியாகக் கைபேசி. ஹிப்-ஹாப், கே-பாப் வகுப்புகளின் முடிவில் குழு குழுவாகப் பிரித்து ஆடச்சொல்வார்கள். அப்போது படம் எடுக்கலாம் என்று ஆசிரியரே சொல்வதும் உண்டு. அதற்கு முன் நடுவகுப்பில் கைபேசியைச் சுவரில் சாய்த்துவைத்தால், அரைகுறையாகக் கற்றுக்கொண்டிருக்கும் பத்துப் பேரின் தடுமாற்றம் அவர்களைக் கேட்காமலே உங்கள் சமூக வலைத்தளப் பக்கத்துக்கு ஏறிவிடும். ஆசிரியர் அனுமதித்தாலும் கண்ணாடியில் வேறு யார் தெரிகிறார்கள் என்று பார்த்துவிட்டு எடுங்கள். என் முதல் நாள் படத்தில் பின்னால் இருந்த ஒருவர் அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறார். எடுக்கும்போது நான் அவரைக் கவனிக்கவே இல்லை.