மழைக்கு முன்னே நிரப்பி வைக்க வேண்டிய குடிதண்ணீர்

வீட்டுக்கு மேலே ஊற்று, அங்கிருந்து கறுப்புக் குழாய், வாசலில் தண்ணீர் விழும் பீலி. இலங்கை மலையகத்தில் தண்ணீர் தேடி அலைய வேண்டியதில்லை என்பதால் யாரும் சேர்த்து வைப்பதும் இல்லை. ஆனால் அடைமழையில் முதலில் அறுந்து போவது அந்தக் குழாய்தான். மண் கொஞ்சம் நகர்ந்தாலே மூட்டு கழன்றுவிடும். ஊற்றுத் தொட்டியில் செம்மண் விழும். மேட்டு லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) கக்கூஸ் குழி நிரம்பி அதே ஓடையில் கலக்கும். பார்வைக்குத் தெளிவாக இருக்கும் தண்ணீரிலும் வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்), செங்கண்மாரி வரலாம்.

ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றர் கணக்கு வையுங்கள். பாதி குடிக்க, பாதி சமைக்கவும் கை வாய் கழுவவும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளுக்கு 60 லீற்றர். மண்சரிவில் பாதை அடைபட்டால் மூன்று நாளில் திறந்துவிடும் என்று சொல்ல முடியாது. காம்பராவில் இடமிருந்தால் ஒரு வாரத்துக்கு 140 லீற்றர் வைப்பதே நல்லது. முழுவதையும் 20 லீற்றர் கேன்களில் வைக்காதீர்கள். ஒரு கேன் 20 கிலோ. சறுக்கும் படியில் அதைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. பாதியை 5 லீற்றர் கேன்களிலும் ஒன்றரை லீற்றர் போத்தல்களிலும் பிரித்து வையுங்கள்.

எந்தக் கேன் என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. புல்லுக்கும் மரக்கறிக்கும் மருந்து அடித்த கேன் எவ்வளவு கழுவினாலும் குடிதண்ணீருக்கு ஆகாது. மருந்து பிளாஸ்டிக்கின் உள்ளே ஊறியிருக்கும், சோப்பு அதை எடுக்காது. மண்ணெண்ணெய்க் கேனும் அப்படியே. பால், பழச்சாறு இருந்த போத்தலில் ஒட்டியிருக்கும் புரதமும் சீனியும் கிருமிக்குத் தீனியாகும். சோடா, குடிதண்ணீர் வந்த போத்தல்கள் நல்லவை. கேன் வாங்கினால் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருக்கிறதா, மூடி இறுகுகிறதா என்று பாருங்கள்.

சோப்புப் போட்டுக் கழுவி அலசியபின், ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பிளீச் கலந்து கேனுக்குள் ஊற்றி மூடிக் குலுக்குங்கள். கழுத்தும் மூடியின் உட்பக்கமும் நனைய வேண்டும். அரை நிமிடம் விட்டுக் கொட்டி, நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

நகரசபைக் குழாயில் குளோரின் கலந்து வரும் தண்ணீரை நேரே நிரப்பலாம். பீலித் தண்ணீருக்கு நாமே கலக்க வேண்டும். போத்தலில் 5 முதல் 6 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் என்று எழுதியிருக்கும் பிளீச் மட்டும் எடுங்கள். வாசனை, நிறம், சோப்பு சேர்த்தவை வேண்டாம். அளவு லீற்றருக்கு 2 துளி. 20 லீற்றருக்குத் துளி எண்ணினால் கணக்குத் தப்பும். பார்மசியில் ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்கி 2 மில்லிலீற்றர் இழுத்துவிடுங்கள். மூடிக் குலுக்கி, மூடியைச் சற்றுத் தளர்த்திக் கேனைச் சாய்த்தால் மூடி இறுகும் மரையும் நனையும், பிறகு இறுக்குங்கள். அரை மணி நேரம் விடுங்கள். மார்கழிக் குளிரில் குளோரின் மெதுவாகத்தான் வேலை செய்யும், அப்போது ஒரு மணி நேரம். திறந்து முகர்ந்தால் இலேசாகக் குளோரின் மணக்க வேண்டும். மணமே இல்லையென்றால் அதே அளவு இன்னொரு தரம் விட்டு, கால் மணி நேரம் பொறுங்கள். பழைய பிளீச் வீரியம் குறைந்திருக்கும். ஒரு வருடத்துக்கு மேல் திறந்து கிடந்ததை நம்ப வேண்டாம்.

கொதிக்க வைத்த தண்ணீரைச் சேமித்தால் போதாதா என்று கேட்பார்கள். இன்றைக்குக் குடிக்க அது சரி. ஆனால் அதில் காவலுக்கு ஒன்றும் மிஞ்சாது. கை பட்டாலே திரும்பக் கெடும். அதனால் மாதக் கணக்கில் வைக்கும் தண்ணீருக்குக் குளோரின்தான்.

கேன்களை இருட்டான, குளிர்ந்த மூலையில், பலகையின் மேல் வையுங்கள். உரமூட்டை, மண்ணெண்ணெய், மருந்து இருக்கும் பக்கம் வேண்டாம், அவற்றின் ஆவி பிளாஸ்டிக்கையும் கடந்து போகும். நிரப்பிய திகதியை மார்க்கரால் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். தென்மேற்கு மழைக்கு முன்னே சித்திரையில் ஒரு தரம், வடகிழக்கு மழைக்கு முன்னே ஐப்பசியில் ஒரு தரம் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. பழையதைக் கொட்டாமல் துணி துவையுங்கள்.

24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கான மஞ்சள் எச்சரிக்கை விடும். அண்டா, குடம், வாளி எல்லாவற்றையும் அப்போதே நிரப்பிவிடுங்கள். கழுவ அது ஆகும், கேன் தண்ணீரைத் தொட வேண்டி வராது. சிவப்பு எச்சரிக்கை வந்தால் உடனே வெளியேற வேண்டும். கைக்கு அகப்படும் சின்னப் போத்தல்கள் போதும், கேனுக்காகத் திரும்பி வராதீர்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போக அதிக நேரம் எடுக்கவில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

சேமித்தது தீர்ந்து கலங்கல் தண்ணீர்தான் கிடைத்தால், சில மணி நேரம் தெளியவிட்டு, மேல் தண்ணீரை நாலாக மடித்த வெள்ளைத் துணியில் வடித்துக் கொதிக்க வையுங்கள். கொதி அடங்காமல் ஒரு நிமிடம். நுவரெலியா, கந்தப்பளை, பட்டிப்பொல போன்ற உயரத்தில் 94 பாகைக்கு முன்பின்னாகவே தண்ணீர் கொதித்துவிடும், அங்கே மூன்று நிமிடம். மூடியபடியே ஆறவிடுங்கள். சூட்டோடு போத்தலில் ஊற்றினால் அது சுருங்கிப் போகும். நனையுமுன் ஒரு கட்டு விறகை அடுப்புக்கு மேலே எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மழை விட்டுப் பீலியில் தண்ணீர் திரும்பினாலும், தொட்டியைக் கழுவி, குழாயில் செம்மண் நிறம் போகும்வரை ஓடவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்துச் சொல்லும்வரை கொதிக்க வைத்தே குடியுங்கள்.